தீர்வுறு குலங்கள்: 4 வரை சரி, 5-இல் ஏன் உடைகிறது? கையால் கணக்கிட்டே புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

வகுப்பில் நாம் "சால்வபிள் குரூப்" என்று சொல்லிப் பழகிய அதே விஷயம்தான். முடிவுறு குலம் என்று பாடநூலில் எழுதுகிறோமே, அந்த வழியில் இங்கே தீர்வுறு குலம் என்று எழுதுகிறேன். முதுகலையில் இதை முதன்முதலில் கேட்டபோது கரும்பலகையில் நேராக ஒரு உட்குலச் சங்கிலி வந்தது, ஒவ்வொரு ஈவுக்குலமும் எபீலியன் (அதாவது பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாத குலம்) என்றால் குலம் தீர்வுறும் என்று வரையறை வந்தது, அதற்கப்புறம் வரிசையாகத் தேற்றங்கள், மணி அடித்துவிட்டது. தேர்வில் எல்லாவற்றையும் சரியாகவே எழுதினேன். ஆனால் எஸ்(4) வரை ஒழுங்காகப் போகிற கதை எஸ்(5)-இல் ஏன் உடைகிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அந்தப் பதில் ஒரே வரிக் கணக்கு என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் சங்கிலியிலிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வோம், மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை: குலம், உட்குலம், நேர்மை உட்குலம், ஈவுக்குலம், வரிசைமாற்றங்களைச் சுழல்களாக எழுதுவது. எஸ்(4) என்றால் 4 பொருள்களின் எல்லா வரிசைமாற்றங்களும் (24 உறுப்புகள்), ஏ(4) என்றால் அவற்றில் இரட்டை வரிசைமாற்றங்கள் மட்டும், அதாவது இரண்டு பொருள்களை இடம் மாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து கிடைப்பவை (12 உறுப்புகள்). பெருக்கலை வலமிருந்து இடமாகச் செய்கிறேன், வலப்பக்கம் உள்ளது முதலில் வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கீழே உள்ள விடைகள் உங்கள் தாளில் வேறாக வரும்.

முதல் படி: கம்யூட்டேட்டர்

ஒரு குலத்தில் அ, ஆ என்று இரண்டு உறுப்புகள். அ·ஆ-வும் ஆ·அ-வும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. வேறாக இருந்தால் எவ்வளவு வேறு? அந்த வித்தியாசத்தை அளக்கத்தான் அ·ஆ·அ⁻¹·ஆ⁻¹ என்ற உறுப்பு. இதை ஆ·அ-வின் இடப்பக்கம் வைத்துப் பெருக்கிப் பாருங்கள், அ·ஆ கிடைக்கும். இதுவே கம்யூட்டேட்டர். அது சமனியாக இருந்தால் அ, ஆ இரண்டும் பரிமாற்று விதிக்கு உட்படுகின்றன, இல்லையென்றால் இல்லை.

ரூபிக் கனசதுரம் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தைக் கால் சுற்று, மேல்பக்கத்தைக் கால் சுற்று, பிறகு வலப்பக்கத்தைத் திருப்பி, மேல்பக்கத்தைத் திருப்பி. நான்கு அசைவுகள் செய்தும் நகரக்கூடிய 20 துண்டுகளில் 7 மட்டுமே கலைந்திருக்கும். இதையே 6 முறை செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். கனசதுரத்தைச் சேர்ப்பவர்கள் இந்த அசைவை அடிக்கடி பயன்படுத்துவதற்கான காரணமே இதுதான்: கம்யூட்டேட்டர் எடுத்தால் பெரும்பாலான கலைப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கொஞ்சம் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தைத்தான் இனித் துரத்தப் போகிறோம்.

இரண்டாம் படி: மிச்சத்தைச் சேர்த்து ஒரு உட்குலமாக்குவது

ஜி என்ற குலத்தின் எல்லாக் கம்யூட்டேட்டர்களையும் எடுத்து, அவற்றைப் பெருக்கிக் கிடைக்கும் அனைத்தையும் சேர்த்தால் ஜி′ என்ற உட்குலம் வரும். இதை வருவித்த உட்குலம் என்போம். "பெருக்கிக் கிடைக்கும் அனைத்தையும்" என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டு கம்யூட்டேட்டர்களின் பெருக்கற்பலன் இன்னொரு கம்யூட்டேட்டராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறிய குலங்களில் இது கண்ணில் படாது, ஏனென்றால் இப்படி நடக்கும் மிகச் சிறிய முடிவுறு குலத்தின் வரிசையே (உறுப்புகளின் எண்ணிக்கையே) 96.

ஜி′ பற்றித் தெரிய வேண்டியது ஒன்றுதான், ஆனால் அது மிக வலுவானது. கே ஒரு நேர்மை உட்குலம் என்றால், ஜி/கே எபீலியனாக இருப்பதும் கே-க்குள் ஜி′ முழுவதும் அடங்கியிருப்பதும் ஒன்றே. காரணம் எளிது: ஈவுக்குலத்தில் எல்லாக் கம்யூட்டேட்டரும் சமனியாக வேண்டுமானால், மேலே அவை எல்லாம் கே-க்குள் விழுந்திருக்க வேண்டும். ஆக, ஜி-யை எபீலியனாக்க எவ்வளவு குறைவாக மடக்கினால் போதும் என்ற கேள்விக்கு விடை ஜி′. தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி ஒவ்வொரு பத்தியிலும் தேவைப்படும்.

மூன்றாம் படி: திரும்பச் செய்

ஜி-யிலிருந்து ஜி′. ஜி′-ஐ ஒரு தனிக் குலமாக வைத்து அதற்கும் அதையே செய்தால் ஜி″. அப்புறம் ஜி‴. ஒவ்வொரு படியிலும் குலம் சுருங்கலாம், அல்லது அப்படியே நின்றுவிடலாம். எப்போதாவது சமனி மட்டும் மிஞ்சினால் ஜி தீர்வுறு குலம், அதற்கு எத்தனை படி ஆனதோ அது அதன் வருவித்த நீளம். முடிவுறு குலத்தில் நடுவழியில் சிக்கிக்கொண்டால், அதாவது சமனிக்கு முன்பே ஒரு உட்குலத்தின் வருவித்த உட்குலம் அதே உட்குலமாக இருந்தால், அது தீர்வுறாது. எபீலியன் குலம் ஒரே படியில் முடியும், அதனால் எல்லா எபீலியன் குலங்களும் தீர்வுறும்.

பாடநூல் சங்கிலி இதனோடு எப்படிப் பொருந்துகிறது? ஜி-யில் தொடங்கிச் சமனி வரை ஒரு சங்கிலி இருக்கிறது, ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதில் நேர்மை உட்குலம், ஒவ்வொரு ஈவுக்குலமும் எபீலியன் என்று வையுங்கள். கட்டம் போட்ட வரிப்படி ஜி′ சங்கிலியின் இரண்டாவது உட்குலத்துக்குள் அடங்கும், ஜி″ மூன்றாவதுக்குள், இப்படியே போனால் கடைசியில் சமனிக்குள் அடங்கியாக வேண்டும். மறுபக்கம், ஜி, ஜி′, ஜி″ என்ற வரிசையே அப்படி ஒரு சங்கிலிதான். இரண்டு வரையறையும் ஒன்று.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சங்கிலியில் ஒவ்வொரு உட்குலமும் தனக்கு நேர் மேலே உள்ளதில் நேர்மையாக இருந்தால் போதும், ஜி-யிலேயே நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. எஸ்(4)-இல் (1 2)(3 4)-உம் சமனியும் சேர்ந்த இரண்டு உறுப்பு உட்குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சற்றுக் கீழே வரப்போகிற வி என்ற நான்கு உறுப்புக் குலத்தில் அது நேர்மை, வி-யோ எஸ்(4)-இல் நேர்மை, ஆனால் அந்த இரண்டு உறுப்பு உட்குலம் எஸ்(4)-இல் நேர்மை இல்லை. ஜி′, ஜி″ இவற்றுக்கு இந்தக் கவலையே கிடையாது, அவை எல்லாமே ஜி-யிலும் நேர்மை உட்குலங்கள்தான். நான் வருவித்த வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: பேனா எடுத்துப் போட்டுப் பார்ப்பது

முதலில் எஸ்(3). ஒரு கம்யூட்டேட்டரில் ஒவ்வொரு உறுப்பும் அதன் எதிர்மறையும் வருவதால் குறிகள் அடிபட்டுப் போகும், எனவே அது எப்போதும் இரட்டை வரிசைமாற்றம். ஆக எஸ்(3)′ ஏ(3)-க்குள் அடங்கும். அது வெறும் சமனியா? இல்லை, அ = (1 2), ஆ = (1 3) என்று போட்டால் (1 2)(1 3)(1 2)(1 3) = (1 2 3). அதனால் எஸ்(3)′ = ஏ(3), மூன்று உறுப்புச் சக்கரக் குலம். அது எபீலியன், அடுத்த படியில் முடிந்தது. நீளம் 2.

எஸ்(4)-க்கு இதே வித்தை எல்லா மூன்றுசுழல்களையும் தருகிறது, மூன்றுசுழல்கள் சேர்ந்து ஏ(4) முழுவதையும் உருவாக்கும், எனவே எஸ்(4)′ = ஏ(4). இனி ஏ(4)′. ஏ(4)-க்குள் சமனி, (1 2)(3 4), (1 3)(2 4), (1 4)(2 3) என்ற நான்கும் சேர்ந்து வி என்ற நேர்மை உட்குலம். ஏ(4)/வி-யின் வரிசை 3, அது எபீலியன், ஆக ஏ(4)′ வி-க்குள் அடங்கும். ஏ(4) எபீலியன் இல்லை, அதனால் ஏ(4)′ வெறும் சமனியாக இருக்க முடியாது. வி-க்குள் பாதியில் நிற்குமா என்றால் நிற்காது: (1 2 3)-ஐ இடப்பக்கமும் அதன் எதிர்மறையை வலப்பக்கமும் வைத்துப் பெருக்கினால் (1 2)(3 4) என்பது (2 3)(1 4) ஆகிவிடும், ஒன்று வந்தால் மூன்றும் வந்தாக வேண்டும். எனவே ஏ(4)′ = வி. வி எபீலியன். 24, 12, 4, 1 என்று மூன்று படியில் இறங்கிவிட்டோம்.

சதுரம், ஐங்கோணம் போன்ற ஒழுங்குப் பலகோணங்களின் சமச்சீர் குலங்கள் எல்லாம் தீர்வுறும், சுழற்சிகள் மட்டும் சேர்ந்து பாதி அளவில் ஒரு எபீலியன் உட்குலம் அங்கே இருக்கிறது, மேலே மிஞ்சுவது 2. எட்டு உறுப்புள்ள குவாட்டர்னியன் குலத்தில் கம்யூட்டேட்டர்கள் 1, −1 மட்டும், இரண்டு படி. முடிவிலாக் குலங்களிலும் இதே கதை உண்டு: மெய்யெண்களாலான 3×3 நேர்மாறுள்ள மேல்முக்கோண அணிகளை எடுங்கள். முதல் கம்யூட்டேட்டர் எடுத்ததும் மூலைவிட்டம் எல்லாம் 1 ஆகிவிடும், இரண்டாவதில் மூலைவிட்டத்துக்கு அடுத்த வரிசையும் 0 ஆகி வலது மேல் மூலை மட்டும் மிஞ்சும், மூன்றாவதில் அதுவும் போய்விடும். ஒரே ஒரு முறை கையால் பெருக்கிப் பாருங்கள், தீர்வுறுதல் என்றால் அடுக்கு அடுக்காக உரிந்து போவது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஐந்தாம் படி: 5-இல் என்ன ஆகிறது

இதற்காகத்தான் முழுக் கட்டுரையும். அ = (1 2 4), ஆ = (1 3 5) என்று எடுத்துக்கொள்ளுங்கள். அ·ஆ·அ⁻¹ என்பது ஆ-வில் உள்ள எண்களை அ-வின்படி மாற்றி எழுதுவதுதான்: 1 இருந்த இடத்தில் 2, 3-உம் 5-உம் அப்படியே. கிடைப்பது (2 3 5). இதை ஆ⁻¹ ஆகிய (1 5 3)-ஆல் பெருக்க வேண்டும். 1 முதலில் 5-க்குப் போகும், அப்புறம் 2-க்கு. 2 நேராக 3-க்கு. 3 முதலில் 1-க்குப் போய் அங்கேயே நிற்கும். 5 முதலில் 3-க்குப் போய்த் திரும்ப 5-க்கே வந்துவிடும். 4 அசையவே இல்லை. விடை: (1 2 3).

இரண்டு மூன்றுசுழல்களின் கம்யூட்டேட்டர் மறுபடியும் ஒரு மூன்றுசுழல்! எண்களின் பெயரை மாற்றினால் எந்த மூன்றுசுழலையும் இப்படிச் செய்யலாம். ஆக, எல்லா மூன்றுசுழல்களையும் கொண்ட எந்தக் குலத்தை எடுத்தாலும் அதன் வருவித்த உட்குலத்திலும் எல்லா மூன்றுசுழல்களும் இருக்கும், அதற்கடுத்ததிலும் இருக்கும், எத்தனை முறை செய்தாலும் இருந்துகொண்டே இருக்கும். சமனிக்கு ஒருபோதும் வரவே முடியாது. எஸ்(5), ஏ(5), எஸ்(6), எஸ்(100) எதுவும் தீர்வுறாது. ஏ(5) எளிய குலம் (சமனியையும் தன்னையும் தவிர வேறு நேர்மை உட்குலம் இல்லாதது) என்ற தேற்றத்தைக்கூட நாம் தொடவில்லை.

இனி அந்த 5 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். (1 2 4), (1 3 5) இரண்டையும் முக்கோணங்களாக வரையுங்கள், அவை ஒரே ஒரு முனையில், 1-இல் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. 3 + 3 − 1 = 5. ஒரு முனையில் மட்டும் தொடும் இரண்டு முக்கோணங்கள் வரைய ஐந்து புள்ளி வேண்டும், அவ்வளவுதான். 4 பொருள்களில் எந்த இரண்டு மூன்றுசுழல்களும் குறைந்தது இரண்டு புள்ளிகளைப் பகிர்ந்தே தீரும், அப்போது கம்யூட்டேட்டர் வி-க்குள் விழுந்து அடுத்த படியில் காணாமல் போய்விடும். மாறியின் அடுக்கு 5 வரை போகும் சமன்பாட்டுக்கு, அதாவது ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு, பொதுச் சூத்திரம் இல்லை என்ற பெரிய முடிவின் அடியில் இருப்பது இந்த இரண்டு முக்கோணங்கள்தான். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஆறாம் படி: உடைப்பதும் ஒட்டுவதும்

ஜி தீர்வுறும் என்றால் அதன் உட்குலங்கள் எல்லாம் தீர்வுறும், ஏனென்றால் உட்குலத்தின் கம்யூட்டேட்டர்கள் ஜி-யின் கம்யூட்டேட்டர்களில் ஒரு பகுதிதான். ஈவுக்குலங்களும் தீர்வுறும், மேலே உள்ள கம்யூட்டேட்டரின் நிழலே கீழே உள்ள கம்யூட்டேட்டர். மூன்றாவதுதான் உண்மையான வேலையாள்: கே ஒரு நேர்மை உட்குலம், கே-யும் தீர்வுறும், ஜி/கே-யும் தீர்வுறும் என்றால் ஜி-யும் தீர்வுறும். நிறுவல் இரண்டு வரி. ஜி/கே-யின் நீளம் 3 என்றால் மூன்று படி கழித்து ஜி-யில் மிஞ்சுவது கே-க்குள் வந்துவிடும். கே-யின் நீளம் 2 என்றால் இன்னும் இரண்டு படி, சமனி. எபீலியன் குலங்களுக்கு இந்த மூன்றாவது பண்பு கிடையாது, எஸ்(3)-ஐப் பாருங்கள், 3 உறுப்புள்ள ஏ(3)-உம் எபீலியன், 2 உறுப்புள்ள ஈவுக்குலமும் எபீலியன், ஒட்டினால் எபீலியன் இல்லை. எபீலியன் குலங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று அனுமதி கொடுத்தால் என்ன வகுப்பு கிடைக்குமோ, அதுவே தீர்வுறு குலங்கள்.

முடிவுறு குலமாக இருந்தால் ஒட்டும் துண்டுகளை இன்னும் பொடியாக்கலாம், ஒவ்வொரு துண்டும் பகா எண் வரிசையுள்ள சக்கரக் குலமாகும் வரை. முடிவிலாக் குலத்தில் இது செல்லாது, முழுக்கள் கூட்டலின்கீழ் எபீலியன், எனவே தீர்வுறும், ஆனால் பகா வரிசைத் துண்டுகளாக எண்ணி முடிக்க முடியாது. தேர்வில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதி மதிப்பெண் இழப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: வரிசையை மட்டும் பார்த்துச் சொல்வது

பெரும்பாலும் கேள்வி இப்படி வரும்: வரிசை 56 உள்ள எந்தக் குலமும் தீர்வுறும் என்று காட்டுக. என்ன செய்வது?

முதல் ஆயுதம், வரிசை ஒரு பகா எண்ணின் அடுக்காக இருந்தால் குலம் தீர்வுறும். அப்படிப்பட்ட குலத்தின் மையம் (எல்லா உறுப்புகளோடும் பரிமாற்று விதிக்கு உட்படும் உறுப்புகள்) சமனியோடு நிற்காது, கான்ஜுகேட் வகுப்புகளின் (ஓர் உறுப்பு அ-வை ஆ·அ·ஆ⁻¹ என்று மாற்றிக் கிடைப்பவை எல்லாம் ஒரு வகுப்பு) அளவுகள் எல்லாம் அந்தப் பகா எண்ணின் அடுக்குகள், அவற்றின் கூட்டுத்தொகையும் அதே பகா எண்ணால் வகுபடும், எனவே சமனியைப் போல ஒற்றையாக நிற்கும் உறுப்புகள் இன்னும் சில இருந்தே ஆக வேண்டும். மையம் எபீலியன், ஈவுக்குலம் சிறியது, ஆறாம் படியை வைத்துத் தொகுத்தறியலாம். இது எவ்வளவு பெரிய உலகம் என்று தெரிய வேண்டுமானால், வரிசை 1024 மட்டுமே உள்ள வெவ்வேறு குலங்கள் 4,900 கோடிக்கும் மேல், அத்தனையும் தீர்வுறுபவை.

இரண்டாவது ஆயுதம் சைலோ தேற்றங்கள், பகா எண் அடுக்கு வரிசையுள்ள உட்குலங்கள் எத்தனை இருக்கலாம் என்று சொல்பவை. 56 = 8 × 7. வரிசை 7 உள்ள உட்குலங்களின் எண்ணிக்கை 1 அல்லது 8. 1 என்றால் அது நேர்மை, ஈவுக்குலத்தின் வரிசை 8, முடிந்தது. 8 என்றால் வரிசை 7 உள்ள (தன்னோடு ஏழு முறை பெருக்கினால்தான் சமனியாகும்) உறுப்புகள் மட்டும் 8 × 6 = 48, மீதி இருப்பது 8 உறுப்புகள், வரிசை 8 உள்ள உட்குலம் ஒன்றுக்குத்தான் அங்கே இடம். ஒன்றே ஒன்று என்றால் நேர்மை, ஈவுக்குலத்தின் வரிசை 7. எந்த வழியில் போனாலும் தீர்வுறும். 30, 40, 42 இவற்றையும் இப்படியே முயன்று பாருங்கள்.

மூன்றாவது, கனமான ஆயுதங்கள். வில்லியம் பர்ன்சைட் 1904-இல் நிறுவியது: வரிசையில் இரண்டு வெவ்வேறு பகா எண்கள் மட்டுமே காரணியாக வந்தால் குலம் தீர்வுறும். அவர் குலங்களின் கேரக்டர் கோட்பாட்டை (குல உறுப்புகளை அணிகளாக எழுதி, மூலைவிட்டக் கூட்டுத்தொகைகளை ஆராய்வது) பயன்படுத்தினார், அது இல்லாத நிறுவல் வருவதற்கு 1970-களின் தொடக்கம் வரை ஆனது. அதன்பின் வால்டர் ஃபெய்ட், ஜான் தாம்சன் இருவரும் 1963-இல், வரிசை ஒற்றை எண்ணாக உள்ள எல்லா முடிவுறு குலமும் தீர்வுறும் என்று காட்டினார்கள். ஒரே வாக்கியத் தேற்றம், நிறுவல் 255 பக்கம், பசிபிக் கணித இதழின் ஓர் இதழையே அது நிரப்பியது. ஜார்ஜ் கோந்தியே தலைமையிலான குழு ஆறு ஆண்டு உழைத்து 2012-இல் அதை வரி வரியாகக் கணினியில் சரிபார்த்து முடித்தது.

இதிலிருந்து ஒரு சின்ன வித்தை. வரிசை 2 × (ஒற்றை எண்) என்று இருந்தாலும் குலம் தீர்வுறும்: குலம் தன்மீதே இடப்பெருக்கலால் செயல்படும்போது வரிசை 2 உள்ள உறுப்பு ஒற்றை எண்ணிக்கையில் இடமாற்றுகளைச் செய்கிறது, அதாவது அது ஒற்றை வரிசைமாற்றம். எனவே இரட்டை வரிசைமாற்றங்கள் சரிபாதியாக ஒரு நேர்மை உட்குலம், அதன் வரிசை ஒற்றை எண், மீதியை ஃபெய்ட்–தாம்சன் பார்த்துக்கொள்ளும். ஆக, தீர்வுறாத குலத்தின் வரிசை 4-ஆல் வகுபட வேண்டும், குறைந்தது மூன்று வெவ்வேறு பகாக் காரணிகளும் வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்தும் மிகச் சிறிய எண் 60, அங்கே ஏ(5) காத்துக்கொண்டிருக்கிறது.

எட்டாம் படி: உள்ளே எப்படி இருக்கிறது

முடிவுறு தீர்வுறு குலத்தில், சமனியைத் தவிர்த்து மிகச் சிறிய நேர்மை உட்குலம் ஒன்றை எடுங்கள், எம் என்று பெயர் வையுங்கள். எம்′-உம் ஜி-யில் நேர்மை, எம்-ஐ விடச் சிறியதாக ஒன்று இருக்கக் கூடாது, அதனால் எம்′ ஒன்று எம், இல்லை சமனி. எம் தீர்வுறும் என்பதால் முதலாவது நடக்காது. ஆக எம் எபீலியன். அதிலும் ஒரு பகா எண் ப-வை எடுத்து, ப அடுக்கில் சமனியாகும் உறுப்புகளை மட்டும் திரட்டினால் அதுவும் நேர்மை, எனவே அதுவே எம் முழுவதும். அதாவது எம் என்பது ப உறுப்புக் களத்தின்மேல் ஒரு வெக்டர் வெளி! எஸ்(4)-இல் வி அப்படித்தான், 2 உறுப்புக் களத்தின்மேல் இரு பரிமாண வெளி. இங்கிருந்து நேரியல் இயற்கணிதம் உள்ளே வந்துவிடுகிறது, தீர்வுறு குலங்களைப் பற்றி இவ்வளவு விரிவாகத் தெரிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதன் விளைவாக, இடையில் எதுவும் செருக முடியாத மிகப்பெரிய உட்குலங்களின் இணைக்கண எண்ணிக்கை (குலத்தின் வரிசையை உட்குலத்தின் வரிசையால் வகுத்தது) எப்போதும் பகா எண்ணின் அடுக்காகவே வரும். எஸ்(4)-இல் 2, 3, 4. ஏ(5)-இலோ 5, 6, 10. அந்த 6-ஐயும் 10-ஐயும் பார்த்தாலே இது தீர்வுறாத குலம் என்று சொல்லிவிடலாம்.

கேம்பிரிட்ஜின் பிலிப் ஹால் 1928-இல் காட்டியது இன்னும் அழகு. ஜி-யின் வரிசையைச் சார்பகா எண்களான இரண்டின் பெருக்கமாக எப்படிப் பிரித்தாலும், ஜி தீர்வுறும் என்றால் அந்த ஒவ்வொரு வரிசையிலும் உட்குலம் உண்டு. மறுதலையையும் அவரே 1937-இல் நிறுவினார்: எல்லாப் பிரிப்புக்கும் உட்குலம் இருந்தால் குலம் தீர்வுறும். ஏ(5)-ஐச் சோதியுங்கள், 60 = 15 × 4. வரிசை 15 உள்ள குலம் சக்கரக் குலம், அதற்கு வரிசை 15 உள்ள உறுப்பு தேவை, அதற்கு ஒரு மூன்றுசுழலும் ஓர் ஐந்துசுழலும் தனித்தனியாக வேண்டும், 8 பொருள்கள் வேண்டும். நம்மிடம் 5 தான் இருக்கிறது. ஏ(4)-இல் வரிசை 6 உள்ள உட்குலம் இல்லையே, அது தீர்வுறும் குலமாயிற்றே என்று கேட்கலாம். சரியான கேள்வி. 12 = 6 × 2, ஆனால் 6-உம் 2-உம் சார்பகா எண்கள் இல்லை, ஹால் அங்கே எதையும் வாக்களிக்கவில்லை.

நில்பொட்டன்ட் குலத்தோடு (மையத்தால் வகுத்துக்கொண்டே போனால் சமனியில் முடியும் குலம்) இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை எல்லாம் தீர்வுறும், மறுதலை இல்லை. எஸ்(3)-இன் மையம் வெறும் சமனி, அதனால் அது நில்பொட்டன்ட் இல்லை.

ஒன்பதாம் படி: "தீர்வு" என்ற பெயர் எங்கிருந்து வந்தது

முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வுகளைக் கார்டானோ 1545-இல் அச்சில் வெளியிட்டார். அதன்பின் ஐந்தாம் படியை 250 ஆண்டுகளுக்கும் மேல் முயன்றார்கள். 1799-இல் ருஃபினி முடியாது என்று ஒரு நிறுவல் எழுதினார், அதில் இடைவெளி இருந்தது, 1824-இல் நீல்ஸ் ஆபெல் நிறுவினார். நம் எபீலியன் குலம் அவர் பெயரில்தான். எந்தச் சமன்பாடு தீரும், எது தீராது என்று பிரித்துச் சொன்னவர் எவரிஸ்ட் கால்வா. 1832 மே 29 இரவு நண்பர் ஒகுஸ்த் ஷெவாலியேவுக்குக் கடிதம் எழுதினார், மறுநாள் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு 31-ஆம் தேதி இறந்தார், வயது 20. அவர் எழுதியவற்றை லியூவில் 1846-இல்தான் வெளியிட்டார்.

கால்வா சொன்னது இது: சமன்பாட்டின் மூலங்களை அவற்றுக்கிடையிலான இயற்கணித உறவுகள் கெடாமல் இடம் மாற்றும் வரிசைமாற்றங்கள் ஒரு குலம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றால் மட்டும் தீர்க்க முடியும் என்பதும் அந்தக் குலம் தீர்வுறும் என்பதும் ஒன்று. ஒவ்வொரு முறை மூலம் எடுக்கும்போதும், 1 என்ற எண்ணின் தேவையான மூலங்களை முன்பே சேர்த்துவிட்டால், குலத்திலிருந்து ஓர் எபீலியன் துண்டு உரிகிறது. முப்படிச் சமன்பாட்டில் முதலில் தன்மைகாட்டியின் (மூலங்களின் வித்தியாசங்களைப் பெருக்கி வர்க்கப்படுத்தியது) வர்க்கமூலம், அது எஸ்(3)-இன் மேல்துண்டு 2. பிறகு கனமூலம், அது ஏ(3). நாற்படிக்குத் தீர்வு தேடும்போது நடுவில் ஒரு முப்படிச் சமன்பாடு வந்து நிற்குமே, ஏன் என்று யோசித்ததுண்டா? எஸ்(4)/வி என்பது எஸ்(3)-ஐ ஒத்த குலம். அந்த முப்படியைத் தீர்த்துவிட்டால் மிஞ்சுவது வி, அதற்கு இரண்டு வர்க்கமூலங்கள். நாம் நான்காம் படியில் போட்ட 24, 12, 4, 1 அப்படியே சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சமன்பாட்டைச் சோதித்துப் பார்ப்போம். க⁵ − 4க + 2 = 0. ஐசன்ஸ்டைன் அளவுகோலை 2-ஐ வைத்துப் போட்டால் விகிதமுறு எண்களின்மேல் இதைக் காரணிப்படுத்த முடியாது. க-வுக்கு −2, 0, 1, 2 என்று போட்டால் மதிப்புகள் −22, 2, −1, 26, குறி மூன்று முறை மாறுகிறது, எனவே மூன்று மெய்மூலங்கள். வகைக்கெழு 5க⁴ − 4-க்கு இரண்டே மெய்மூலங்கள் இருப்பதால் மூன்றுக்கு மேல் கிடையாது. மீதி இரண்டும் கலப்பெண்கள். கால்வாவே தந்த ஒரு தேற்றம்: காரணிப்படுத்த முடியாத, பகா எண் படியுள்ள சமன்பாடு தீர்வுறும் என்றால், ஏதேனும் இரண்டு மூலங்களை வைத்து மற்ற எல்லா மூலங்களையும் விகிதமுறு கோவையாக எழுத முடியும். இங்கே இரண்டு மெய்மூலங்களை எடுத்தால் மற்றவையும் மெய்யாக இருக்க வேண்டும், ஆனால் இரண்டு மெய் இல்லை. எனவே இது தீராது. அதற்காக ஐந்தாம் படி எதுவுமே தீராது என்று நினைத்துவிடாதீர்கள், க⁵ − 2 = 0 தாராளமாகத் தீரும், அதன் குலத்தின் வரிசை 20.

தீராமல் இருப்பதன் பயன்

கம்யூட்டேட்டருக்கு ஒரு குணம் உண்டு: அ, ஆ இரண்டில் ஒன்று சமனியாக இருந்தாலே விடை சமனி. "இரண்டும் உண்மை என்றால் மட்டும் உண்மை" என்ற தர்க்கச் செயலும் அப்படித்தானே! டேவிட் பாரிங்டன் 1980-களில் இதைப் பிடித்துக்கொண்டார். ஏ(5)-இல் இரண்டு ஐந்துசுழல்களின் கம்யூட்டேட்டர் மறுபடியும் ஐந்துசுழலாக வரும்படி தேர்ந்தெடுக்கலாம், அதனால் தர்க்கச் செயல்களை ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு ஆழம் அடுக்கினாலும் தகவல் அழியாது. ஐந்தே நிலைகள் கொண்ட நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஆழம் குறைந்த எல்லாத் தர்க்கச் சுற்றுகளையும் நியாயமான நீளமுள்ள நிரல்களால் கணக்கிடலாம் என்று அவர் நிறுவினார். தீர்வுறும் குலத்தில் இந்த வழி எடுபடாது, சில அடுக்குகளிலேயே எல்லாம் சமனியாகிவிடும். சமன்பாட்டுக்குச் சூத்திரம் கிடைக்காமல் செய்த அதே பிடிவாதம் இங்கே கணினிக்கு உதவுகிறது.

இனி உங்கள் முறை. 3 உறுப்புக் களத்தின்மேல் நேர்மாறுள்ள 2×2 அணிகளின் குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 48 உறுப்புகள். முதல் படியில் அணிக்கோவை 1 உள்ளவை மட்டும் மிஞ்சும், 24. அடுத்தது 8, குவாட்டர்னியன் குலம் அங்கே தலைகாட்டும். அப்புறம் 2, அப்புறம் 1. ஒவ்வொரு படியும் ஏன் அப்படி என்று கம்யூட்டேட்டர் எடுத்தே காட்டுங்கள், ஒரு மாலை நேரம் போதும். அது முடிந்ததும் 5 உறுப்புக் களத்துக்குப் போய், அணிக்கோவை 1 உள்ள 120 அணிகளை எடுத்து முதல் படியைத் தொடங்குங்கள். அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். ஏன் சிக்குகிறது என்பதை அதன் மையத்தால் வகுத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், 60 உறுப்புள்ள பழைய நண்பர் ஒருவர் அங்கே நிற்பார்.